நெடுந்தூர நடையில் கால் கொப்புளம்: வராமல் காப்பதும் வந்தபின் கவனிப்பதும்

நாளுக்கு 25 கிலோமீட்டர் வீதம் ஆறு நாள் நடக்கத் திட்டமிட்டிருக்கும் ஒருவரின் கேள்வி இது. முன்பு ஒருமுறை இரண்டாம் நாளிலேயே குதிகாலிலும் சுண்டுவிரலிலும் கொப்புளம் கண்டு நடையைப் பாதியில் விட நேர்ந்ததாகவும், இம்முறை அது வராமல் தடுக்க வழி உண்டா, வாஸ்லின் தடவினால் போதுமா, மீறி வந்துவிட்டால் உடைக்கலாமா கூடாதா என்றும் கேட்டிருக்கிறார். பெரும்பாலான கொப்புளங்களைத் தடுக்க முடியும். வாஸ்லின் மட்டும் போதாது. உடைப்பதா வேண்டாமா என்பது அந்தக் கொப்புளத்தின் அளவையும் இடத்தையும் உங்கள் உடல்நிலையையும் பொறுத்தது. ஆனால் கொப்புளம் எப்படி உண்டாகிறது என்பது தெரியாமல் இந்த விடைகளை வைத்துக்கொண்டு அதிகம் பயனில்லை என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஷூ தோலின்மேல் உரசுவதால் கொப்புளம் வருகிறது என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். வெறும் உரசல் என்றால் தோல் மேலிருந்து தேய்ந்து சிராய்ப்புதான் உண்டாகும். கொப்புளத்துக்குக் காரணம் உள்ளே நடக்கும் இழுபறி. ஒரு கையின் புறங்கையில் மறுகையின் விரல் நுனியை அழுத்தி வைத்து, விரல் வழுக்காமல் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். விரல் தொட்ட இடத்தை விட்டு நகர்வதே இல்லை, ஆனால் தோல் மட்டும் அடியில் இருக்கும் எலும்பின்மேல் இங்கும் அங்கும் இழுபடுவது கண்ணுக்குத் தெரியும். ஷூவுக்குள் நடப்பதும் இதுவே. ஒவ்வோர் அடியிலும் குதிகால் எலும்பு சற்று மேலும் கீழும் நகர்கிறது, வியர்வையில் ஈரமான தோலோ காலுறையோடும், காலுறை ஷூவின் உட்புறத்தோடும் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறது, இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட திசு இழுபடுகிறது. ஓரடி முக்கால் மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 25 கிலோமீட்டர் நடையில் ஒவ்வொரு காலும் 16,000 தடவைக்கு மேல் தரையில் ஊன்றுகிறது. அத்தனை தடவை இழுபட்டபின் மேல்தோலின் நடு அடுக்கில் இருக்கும் செல்கள் பிய்ந்து ஒரு பிளவு உண்டாகிறது, அந்தப் பிளவில் நீர் ஊறி ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கொப்புளம் முழுதாக எழும்பிவிடுகிறது. குதிகால், உள்ளங்கால், விரல் நுனி போன்ற தடித்த தோலுள்ள இடங்களில்தான் இது நிகழ்கிறது. மெல்லிய தோலுக்கு அத்தனை தாங்கும் சக்தி கிடையாது, அது முன்னதாகவே சிராய்ந்துவிடும்.

இதைப் புரிந்துகொண்டால் தடுக்கும் வழிகள் எல்லாம் தாமாகவே விளங்கும். ஷூவுக்குள் எலும்பின் அசைவைக் குறைக்க வேண்டும், அல்லது தோலுக்கும் ஷூவுக்கும் இடையே எங்காவது ஓரிடத்தில் வழுக்கலுக்கு வழிசெய்ய வேண்டும், அல்லது தோலை அந்த இழுபறிக்குப் பழக்க வேண்டும். கடையில் விற்கும் பொருள்களில் எதை எடுத்தாலும் இந்த மூன்றில் எதைச் செய்கிறது என்று கேட்டுப் பாருங்கள், எதையும் செய்யாதது என்று தெரிந்தால் வாங்க வேண்டாம்.

ஷூவின் அளவில் தொடங்க வேண்டும், ஏனெனில் அளவு தவறினால் மற்ற எந்த ஏற்பாடும் முழுப் பலன் தராது. நீண்ட நடையில் பாதம் வீங்கும் என்பதால் ஷூவை மாலையில், முடிந்தால் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, நடையில் அணியப்போகும் அதே காலுறையோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். எழுந்து நின்ற நிலையில் மிக நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். அந்த நீளமான விரல் எல்லோருக்கும் பெருவிரலாக இருப்பதில்லை, சிலருக்கு இரண்டாம் விரலே நீளம். இரண்டு பாதங்களும் ஒரே அளவில் இல்லையென்றால் பெரிய பாதத்துக்கே அளவெடுக்க வேண்டும். அகலத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு: ஷூவுக்குள் இருக்கும் உள்தகட்டை வெளியே எடுத்துத் தரையில் வைத்து அதன்மேல் எழுந்து நில்லுங்கள். சுண்டுவிரல் பக்கமோ பெருவிரலின் அடிமூட்டுப் பக்கமோ தகட்டின் ஓரத்தைத் தாண்டிப் பாதம் வழிந்தால், அந்த ஷூ எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் உங்களுக்குக் கடிக்கும். பிறகு விரலை உள்ளே விட்டு, குதிப்பகுதியில் மடிந்த உள்துணியோ துருத்தும் தையலோ இருக்கிறதா என்றும் தடவிப் பார்த்துவிடுங்கள்.

இறுக்கமான ஷூதான் கடிக்கும் என்பது பாதி உண்மை. கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும் என்று வாங்கிய ஷூவில் குதிகால் ஒவ்வோர் அடிக்கும் எழும்பி இறங்கும், இறக்கத்தில் பாதம் முழுவதும் முன்னால் சறுக்கி விரல்கள் இடிபடும். விரல்களுக்குத் தாராளமாகவும் குதிக்கும் புறப்பாதத்துக்கும் பிடிப்பாகவும் இருப்பதே சரியான பொருத்தம். பிடிப்பின் பெரும்பகுதி கயிறு கட்டும் விதத்தில் இருக்கிறது. பல ஷூக்களில் கணுக்காலுக்கு அருகே, மற்றத் துளைகளின் வரிசையை விட்டுச் சற்றுத் தள்ளி, பலரும் பயன்படுத்தாமல் விட்டுவிடும் ஒரு துளை இருக்கும். கயிற்றை ஒவ்வொரு பக்கத்திலும் அந்தத் துளையில் வெளியிலிருந்து உள்ளே கோத்து ஒரு சிறு வளையமாக விட்டு, இடக்கயிற்றின் நுனியை வலப்பக்க வளையத்திலும் வலக்கயிற்றின் நுனியை இடப்பக்க வளையத்திலும் நுழைத்துக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டினால் குதி தன் இடத்தில் உட்கார்ந்துவிடும். ஏற்றத்தில் குதி எழும்பும், இறக்கத்தில் விரல் முட்டும் என்பதால் நீண்ட சரிவு வருவதற்கு முன் நின்று கயிற்றை மாற்றிக் கட்டுவதற்கு ஆகும் இரண்டு நிமிடம் வீண் அல்ல.

ஈரத்துக்கு வருவோம். முற்றிலும் உலர்ந்த தோல் வழுக்கும், நீர் சொட்டச் சொட்ட நனைந்த தோலும் ஓரளவு வழுக்கும், இரண்டுக்கும் நடுவில் பிசுபிசுவென்று வியர்த்திருக்கும் தோல்தான் காலுறையை விடாமல் பற்றிக்கொள்ளும். நடப்பவரின் பாதம் நாளின் பெரும்பகுதி இந்த நடுநிலையில்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு, நீண்ட நேரம் ஊறிய தோல் வெளுத்துச் சுருங்கி வலுவிழந்தும் போகிறது. பருத்திக் காலுறை வியர்வையை உறிஞ்சிக்கொண்டு உலராமல் கால் முழுவதும் ஈரத்தைப் போர்த்தி வைக்கிறது, நனைந்தபின் தொய்ந்து மடிப்பும் விழுகிறது. 1990-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே மாதிரி நெய்த அக்ரிலிக் காலுறையையும் பருத்திக் காலுறையையும் எது எதுவென்று சொல்லாமல் நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, பருத்தி அணிந்தவர்களுக்கு வந்ததில் ஏறக்குறைய பாதி அளவு கொப்புளங்களே அக்ரிலிக் அணிந்தவர்களுக்கு வந்தன. அதே ஆய்வாளர்கள் பின்னர் மெத்தைப் பின்னல் இல்லாத மெல்லிய காலுறைகளில் சோதித்தபோது அந்த வேறுபாடு தென்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே இழை மட்டும் பார்த்தால் போதாது, பின்னலின் தடிப்பும் கணக்கில் சேரும். நைலான், அக்ரிலிக், மெரினோ கம்பளி கலந்து அடர்த்தியாகப் பின்னிய, பாதத்தோடு ஒட்டி நிற்கும் காலுறையையே நான் பரிந்துரைப்பேன்.

அதற்கு உள்ளே மெல்லிய வழவழப்பான இன்னொரு காலுறை அணிவதும் பயன் தரும். வழுக்கல் தோலில் நிகழாமல் இரு காலுறைகளுக்கு இடையே நிகழும் என்பதே அதன் பின்னணி. ஆனால் இரண்டும் சேர்ந்து ஷூவை இறுக்கமாக்கிவிடக் கூடாது. விரல்கள் ஒன்றோடொன்று உரசி இடுக்குகளில் கொப்புளம் காண்பவர்களுக்கு, கையுறைபோல் ஒவ்வொரு விரலுக்கும் தனி உறை உள்ள காலுறை நல்ல தீர்வு. உங்களுக்குச் சுண்டுவிரலில் வந்ததாகச் சொன்னதால் இதை நீங்கள் முதலில் முயன்று பார்க்கலாம். எந்தக் காலுறையானாலும் நடுப்பகலில் ஒருமுறை நிறுத்தி, ஷூவையும் காலுறையையும் கழற்றி, பாதத்தைத் துடைத்துப் பதினைந்து நிமிடமாவது காற்றாட விட்டு, உலர்ந்த மாற்றுக் காலுறை அணிந்துகொள்ளுங்கள். ஈரமானதைப் பையின் வெளிப்புறத்தில் தொங்கவிட்டால் மாலைக்குள் உலர்ந்துவிடும். உள்ளே புகும் மணல், சிறுகல் விஷயத்தில் அலட்சியம் கூடாது, உணர்ந்த உடனே கொட்டிவிட வேண்டும்.

வியர்வையையே குறைத்துவிட்டால் என்ன என்ற எண்ணம் எழுவது இயல்பு. 1998-இல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்க ராணுவப் பயிற்சிக் கல்லூரி மாணவர்கள் 21 கிலோமீட்டர் நடைக்கு முந்தைய இரவுகளில் 20 சதவீத அலுமினியம் குளோரைடு கரைசலைப் பாதத்தில் தடவிக்கொண்டார்கள். ஒழுங்காகத் தடவியவர்களில் 21 சதவீதம் பேருக்கும், மருந்தில்லாத கரைசல் தடவியவர்களில் 48 சதவீதம் பேருக்கும் கொப்புளம் வந்தது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் மருந்து தடவியவர்களில் 57 சதவீதம் பேருக்குத் தோல் எரிச்சலும் வந்தது, மற்றவர்களில் அது 6 சதவீதமே. ஆறு நாள் நடப்பவர் எரியும் பாதத்தோடு புறப்படுவதில் பொருள் இல்லை. மிகையாக வியர்க்கும் பாதம் உள்ளவர்கள் மட்டும், நடைக்குப் பல வாரம் முன்பே சிறிய அளவில் தடவிப் பார்த்து ஒத்துக்கொண்டால் தொடரலாம். பவுடர் தூவுவதை நான் பரிந்துரைப்பதில்லை. ஓய்வு நேரத்தில் பாதத்தை உலர்த்த அது உதவும், நடக்கும்போது வியர்வையில் குழைந்து கட்டிகட்டியாகி அதுவே உறுத்தத் தொடங்கும்.

வாஸ்லின் கதையும் ஏறத்தாழ இதேதான். தடவியவுடன் பிடிப்பு நன்றாகக் குறைகிறது, ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பி, மூன்று மணி நேரமாகும்போது ஒன்றுமே தடவாத தோலைவிடப் பிடிப்பு கூடிவிடுகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆகவே காலையில் ஒருமுறை பூசிவிட்டு நாள் முழுவதும் கவலையின்றி நடக்கலாம் என்பது தவறான நம்பிக்கை. விரல் இடுக்குகளுக்கு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை துடைத்துவிட்டு மறுபடி பூச முடிந்தால், அது பயன்படும். குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் நான் டேப்பைத்தான் நம்புவேன், அதிலும் வாஸ்லின் தடவிய இடத்தில் டேப் ஒட்டாது என்பதால் ஓரிடத்துக்கு இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

காயக்கட்டுக்குப் பயன்படும் மெல்லிய காகித டேப்பே இதற்குப் போதுமானது. பல நாள் நடக்கும் 250 கிலோமீட்டர் ஓட்டப் போட்டிகளில் இதைச் சோதித்த மருத்துவர்கள் 2014-இல் வெளியிட்ட முதல் ஆய்வில் பயன் எதுவும் தெரியவில்லை. சோதனை முறையைத் திருத்தி மறுபடி செய்து 2016-இல் வெளியிட்டதில் கொப்புளங்கள் சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தன. காகித டேப் எளிதில் உரிந்துவிடும் என்பது அதன் குறை, எளிதில் உரிவதால் எடுக்கும்போது தோலைக் கிழிக்காது என்பது அதன் நிறை. துணியாலான ஜிங்க் ஆக்சைடு டேப் வியர்வையிலும் ஒட்டிக்கொண்டு நிற்கும், ஆனால் அவசரமாகப் பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும். எந்த டேப்பானாலும் முன்பு கொப்புளம் கண்ட இடங்களில் காலையில் புறப்படுவதற்கு முன்பே ஒட்டிவிட வேண்டும். பாதத்தைக் கழுவி நன்றாக உலர்த்தி, ஆல்கஹால் பஞ்சால் எண்ணெய்ப்பசையைத் துடைத்து, டேப்பை அந்த இடத்தைவிடச் சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டர் பெரிதாக வெட்டி, மூலைகளைக் கத்தரிக்கோலால் வளைவாக நறுக்கிவிடுங்கள், கூர்மூலை இருந்தால் காலுறை அங்கிருந்துதான் அதைச் சுருட்டத் தொடங்கும். இழுத்து ஒட்டாமல் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவி ஒட்டி, உள்ளங்கையால் அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் உடல் சூட்டில் பசை நன்றாகப் பற்றும். ஒரு மடிப்பு விழுந்தாலும் எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்ட வேண்டும், ஏனெனில் அந்த மடிப்பே அடுத்த கொப்புளத்துக்கு இடம். விரலைச் சுற்றி ஒட்டும்போது இறுக்கக் கூடாது, மதியத்துக்குள் விரல் வீங்கும். காலுறையை அப்படியே மேலே இழுக்காமல் சுருட்டி வைத்துக்கொண்டு பாதத்தின்மேல் விரித்துக்கொண்டே வந்தால் டேப் கலையாது.

தோலைப் பழக்குவது எல்லாவற்றிலும் மெதுவான வழி, ஆனால் அதுவே நிலையானது. மிதமான உராய்வு திரும்பத் திரும்பக் கிடைக்கும்போது மேல்தோல் தடித்து உறுதிப்படுகிறது, அதற்குச் சில வாரம் பிடிக்கும். நடைக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்கித் தூரத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். அணியப்போகும் அதே ஷூ, அதே காலுறை, சுமக்கப்போகும் அதே எடையோடு நடங்கள், ஏனெனில் முதுகில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் பாதத்தின்மேல் அழுத்தத்தைக் கூட்டும். ஒரு நாள் நீண்ட நடையைச் சமாளித்துவிட்டதால் ஆறு நாளும் சமாளிப்போம் என்று சொல்ல முடியாது, ஆகவே அடுத்தடுத்த இரண்டு நாள் நடந்து பார்ப்பது அவசியம். உங்களுக்கு இரண்டாம் நாளில் வந்ததை இதோடு பொருத்திப் பாருங்கள். தோல் தடித்தால் நல்லதுதான் என்று குதி ஓரத்தில் கெட்டியான காய்ப்பை வளரவிடுவது வேறு விஷயம், அதன் அடியில் வரும் கொப்புளத்தில் வலி மிகுதி, எட்டிச் சிகிச்சை செய்யவும் முடியாது. குளித்தபின் தேய்ப்புக்கல்லால் மெதுவாகத் தேய்த்துச் சமப்படுத்தி வாருங்கள். நகங்களைப் புறப்படுவதற்கு மூன்று நான்கு நாள் முன்பு நேராக வெட்டி, ஓரங்களை அரத்தால் மழுக்கிவிடுங்கள்.

இத்தனை ஏற்பாட்டையும் மீறி நடக்கும்போது ஓரிடத்தில் சுள்ளென்று எரிச்சல் தொடங்கலாம். இந்தப் பதிலில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: அந்த எரிச்சல் தெரிந்த நிமிடத்தில் நின்றுவிட வேண்டும். தோலின் உள்ளே பிளவு இன்னும் விழவில்லை அல்லது இப்போதுதான் விழத் தொடங்குகிறது, ஷூவைக் கழற்றி உலர்த்தி டேப் ஒட்டினால் பல நேரம் அது அங்கேயே அடங்கிவிடும். ஆனால் கூட வருபவர்களை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த இளைப்பாறும் இடம் வரட்டும் என்று இன்னும் நாலு கிலோமீட்டர் நடப்பதுதான் வழக்கம். அங்கே போய்க் காலுறையைக் கழற்றும்போது நீர் கோத்திருக்கும். கூட்டமாக நடப்பவர்கள், யாருக்கு எரிச்சல் தொடங்கினாலும் எல்லோரும் ஐந்து நிமிடம் நிற்பது என்று புறப்படும் முன்பே பேசி வைத்துக்கொண்டால் இந்தக் கூச்சத்துக்கு இடமிருக்காது.

கொப்புளம் எழும்பிவிட்டது, உடைக்கலாமா? அதன் மேல்தோல் கிழியாத வரை கிருமி உள்ளே புக வழியில்லை, அதைவிட நல்ல கட்டு எந்த மருந்துக்கடையிலும் கிடைக்காது. ஆகவே சிறியதாக, வலியில்லாமல், ஷூ அழுத்தாத இடத்தில் இருந்தால் தொட வேண்டாம். தடித்த மெத்துப்பட்டையை நடுவில் துளையிட்டு வளையமாக வெட்டி, கொப்புளம் அந்தத் துளைக்குள் வரும்படி சுற்றி ஒட்டினால் அழுத்தம் அதன்மேல் விழாது. பெரியதாக, விண்ணென்று தெறித்துக்கொண்டு, அடுத்த நாள் நடையில் எப்படியும் தானே உடைந்துவிடும் என்ற நிலையில் இருந்தால், அழுக்குக் காலுறைக்குள் கிழிவதைவிட நாமே சுத்தமாக நீரை வடிப்பது மேல்.

அதைச் செய்யும் முறை இது. கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கொப்புளத்தையும் சுற்றியுள்ள தோலையும் கழுவிப் போவிடோன் அயோடின் அல்லது ஆல்கஹால் பஞ்சால் துடையுங்கள். உறை பிரிக்காத மருத்துவ ஊசி இருந்தால் நல்லது, இல்லையென்றால் தையல் ஊசியை ஆல்கஹாலில் நன்றாகத் துடைத்துப் பயன்படுத்தலாம். தீயில் காட்டினால் படியும் கரியைத் துடைத்துவிட்டே குத்த வேண்டும். கொப்புளத்தின் நடு உச்சியில் குத்தாமல், நீர் தானே வடியும்படி அடிவிளிம்பில், தோலுக்கு இணையாக ஊசியைச் சாய்த்துப் பிடித்து மூன்று நான்கு சிறு துளைகள் இடுங்கள். ஒற்றைத் துளை சீக்கிரம் அடைபட்டு மறுபடி நீர் சேரும், பெரிய துளை நடக்கும்போது கிழியும். சுத்தமான காஸ் துணியால் மெதுவாக ஒற்றி நீரை வெளியேற்றி, மேல்தோலை அப்படியே கீழே படிய விடுங்கள். அதை உரிக்கவே கூடாது. 1968-இல் வெளியான ஓர் ஆய்வு, முதல் 24 மணி நேரத்துக்குள் மூன்று தடவை நீரை வடித்த கொப்புளங்களில் மேல்தோல் அடியோடு நன்றாக ஒட்டிக்கொண்டது என்று கண்டது. எனவே இரவில் ஒருமுறையும் காலையில் ஒருமுறையும் பார்த்து, நீர் மறுபடி சேர்ந்திருந்தால் அதேபோல் வடித்துவிடுங்கள். பிறகு கொஞ்சம் வாஸ்லின் தடவி, ஒட்டாத காஸ் துண்டு ஒன்றைக் கொப்புளத்தின் அளவுக்கு வைத்து, அதற்கு வெளியே நல்ல தோலில் பற்றும்படி டேப் ஒட்டுங்கள். டேப்பின் பசை நேரே கொப்புளத்தின்மேல் பட்டால் எடுக்கும்போது மேல்தோலும் கையோடு வந்துவிடும்.

ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்தின் வழியே செலுத்தி நூலை உள்ளேயே விட்டுவைக்கும் பழக்கம் நெடுந்தூரம் நடப்பவர்களிடையே இன்னும் இருக்கிறது. நீர் அதன் வழியே வடியும் என்பது உண்மை. அதே நூல் வழியே காலுறையின் ஈரமும் கிருமியும் உள்ளே ஊறும் என்பதும் உண்மை. இதைச் செய்யாதீர்கள்.

மேல்தோல் ஏற்கெனவே கிழிந்து செந்தோல் வெளியே தெரிந்தால் அதைத் திறந்த காயமாகவே பாவிக்க வேண்டும். சோப்பும் சுத்தமான நீரும் கொண்டு கழுவினால் போதும், ஸ்பிரிட்டோ ஹைட்ரஜன் பெராக்சைடோ ஊற்றுவது வலியைத் தருவதோடு புதுத் தோலையும் பாதிக்கும். தொங்கிக்கொண்டு அழுக்குப் பிடிக்கும் கிழிசலை மட்டும் சுத்தமான கத்தரிக்கோலால் நறுக்கிவிடலாம். ஜெல் போன்ற ஹைட்ரோகொலாய்டு பிளாஸ்டர் இந்த நிலைக்கு மிகப் பொருத்தமானது, ஏனெனில் கசியும் நீரை உறிஞ்சிக்கொண்டு காயத்தை ஈரப்பதமாக வைத்து ஆறவிடுகிறது. அது வெளுத்து உப்பிக்கொண்டு நிற்பதைப் பார்த்துச் சீழ் என்று பயந்து பிய்ப்பவர்கள் உண்டு. அப்படி உப்புவதுதான் அதன் வேலை, ஓரத்தில் கசியாத வரை தானாக உதிரும்படி விட்டுவிடுங்கள். மேல்தோல் முழுதாக இருக்கும் கொப்புளத்தில் அதை ஒட்டினால் எடுக்கும்போது அந்தத் தோல் உரிந்துவிடும் என்பதால் அங்கு வேண்டாம். ரத்தம் கோத்த கொப்புளத்தை உடைக்காமல் அழுத்தம் படாதபடி மூடி வைப்பதே நல்லது, அதில் காயம் ஆழமானது. குதி ஓரத்தின் தடித்த தோலுக்கு அடியில் புதைந்து வரும் கொப்புளத்தையும் நகத்துக்கு அடியில் வருவதையும் நீங்களாகக் குத்த முயல வேண்டாம்.

கொப்புளத்தோடு நடையைத் தொடர முடியுமா என்றால், கட்டு போட்டபின் இயல்பான நடை வருகிறதா என்பதைப் பொறுத்தது. வலிக்கும் இடத்தைத் தரையில் ஊன்றாமல் சாய்ந்து சாய்ந்து நடந்தால் மாலைக்குள் முழங்காலோ இடுப்போ மறுபாதமோ பிடித்துக்கொள்ளும், அது கொப்புளத்தைவிட நீண்ட நாள் படுத்தும். அப்படியானால் அன்றைய தூரத்தைக் குறைப்பதோ ஒரு நாள் தங்குவதோதான் கணக்குக்குச் சரி.

கொப்புளத்தில் கிருமி தொற்றினால் அது சிறிய விஷயம் அல்ல. 1924 ஜூன் 30 அன்று, அமெரிக்க அதிபர் கால்வின் கூலிட்ஜின் 16 வயது மகன் காலுறை இல்லாமல் ஷூ அணிந்து வெள்ளை மாளிகை மைதானத்தில் டென்னிஸ் ஆடினான். வலது கால் விரலில் வந்த கொப்புளத்தில் கிருமி புகுந்து ரத்தத்தில் கலந்து, ஜூலை 7 அன்று அவன் இறந்துபோனான். பென்சிலின் கண்டுபிடிக்கப்பட்டது 1928-இல்தான். இன்று மருந்து இருக்கிறது, ஆனால் அதற்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டும். வலி நாளுக்கு நாள் குறையாமல் கூடுவது, சுற்றியுள்ள சிவப்பு பரவுவது, இடம் சுடுவது, கலங்கிய மஞ்சள் சீழ், காலில் மேல்நோக்கி ஏறும் செங்கோடு, அரையில் நெறி கட்டுவது, குளிரும் காய்ச்சலும் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும், அடுத்த ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களும், காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்களும், பாதத்தில் மரமரப்பு உள்ளவர்களும், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களும் மேலே சொன்ன ஊசி முறையைத் தாமாகச் செய்யவே கூடாது. அவர்களுக்கு முதல் எரிச்சலே தெரியாமல் போகலாம் என்பதால் ஒவ்வொரு இளைப்பாறலிலும் கழற்றிக் கண்ணால் பார்ப்பது கட்டாயம். சூடான தரையில் வெறுங்காலோடு நடந்து வந்த கொப்புளம் தீப்புண் வகை, புதுச் செருப்பின் பசையோ சாயமோ ஒத்துக்கொள்ளாமல் அரிப்போடு வரும் சிறு கொப்புளங்கள் ஒவ்வாமை வகை. இரண்டுக்கும் இங்கே சொன்ன சிகிச்சை பொருந்தாது.

தொற்றில்லாத கொப்புளம் விரைவாகவே ஆறும். பிளவுக்கு அடியில் முதல் நாளிலேயே புதுச் செல்கள் பெருகத் தொடங்கி, ஏறத்தாழ ஐந்து நாளில் புதிய மேற்படலம் உருவாகிவிடுகிறது. பழைய மேல்தோல் காய்ந்து, அடியில் வலியில்லாத இளஞ்சிவப்புத் தோல் தெரிந்தபின் அதை நறுக்கி எடுத்துவிடலாம். அந்தப் புதுத் தோல் மற்ற இடங்களைப் போல உறுதிப்பட இன்னும் சில வாரம் ஆகும் என்பதால், அதுவரை சிறிய நடைக்குக்கூட அந்த இடத்தில் டேப் ஒட்டிக்கொண்டே கிளம்புங்கள்.